வட்டத் தட்டில் எத்தனை சில்லுகள்? கூலிம் சொல்லித்தரும் கணக்கு

ரப்பர் தோட்டங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. நட்ட மரம் பால்வெட்டுக்குத் தயாராகிவிட்டதா என்று பார்க்க, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி அளவுநாடாவைப் பிடிப்பார்கள். சுற்றளவு சுமார் 50 செ.மீ. இருந்தால் வெட்டத் தொடங்கலாம். மரத்தைத் துளைக்காமலே அதன் விட்டத்தையும் சொல்லிவிடலாம். 50-ஐ பையின் மதிப்பான 3.142-ஆல் வகுத்தால் 15.9 செ.மீ. கிடைக்கும்.

லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக இப்படி அளந்திருக்கிறார்கள். அதே கூலிம் மாவட்டத்தில் 1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அதுதான். அங்குள்ள சில தொழிற்சாலைகளில் முக்கியமான பொருளும் ஒரு வட்டமே. அதன் பெயர் வேஃபர். ஒரு மில்லிமீட்டரை விட மெல்லிய, கண்ணாடி போல் மின்னும் தட்டு. இந்தத் தட்டின் மேல்தான் மின்னணுச் சில்லுகளை, அதாவது நாம் 'சிப்' என்று சொல்பவற்றை, வரிசை வரிசையாக உருவாக்கிப் பிறகு தனித்தனியாக அறுத்தெடுக்கிறார்கள்.

ஒரு தட்டிலிருந்து எத்தனை நல்ல சில்லுகள் கிடைக்கும்? தொழிற்சாலையின் வரவு செலவே இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. விடை காண உங்கள் பாடநூல் கணிதமே போதும். முதல் படிவத்தின் பைதாகரஸ் தேற்றம், இரண்டாம் படிவத்தின் வட்டம், நான்காம் படிவத்தின் நிகழ்தகவு ஆகிய மூன்றும் இதில் வேலை செய்கின்றன. ஒரு கட்டத்தாள், காம்பஸ், கணிப்பான் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் சில சொற்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது சொற்கள் மாறிவிடுகின்றன. கணக்கு புரியாமல் போவதற்கு முன்பே சொல் புரியாமல் போய்விடுவதுண்டு. ஆகவே இணைத்துப் படியுங்கள். வட்டம் என்பது புலாத்தான். ஆரம் என்பது ஜெஜாரி. சுற்றளவு என்பது லிலித்தான். பரப்பளவு என்பது லுவாஸ். விழுக்காடு என்பது பெராத்துஸ். நிகழ்தகவு என்பது கெபாராங்காலியான். பெயர்கள் வேறு, சூத்திரங்கள் அவையேதான்.

பாடம் 1: மூன்றில் ஒரு பங்கு கூடினால் எவ்வளவு கூடும்?

2024 ஆகஸ்டு 8ஆம் நாள் கூலிமில் இன்ஃபினியன் நிறுவனம் புதிய தொழிற்சாலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. முதல் கட்டத்துக்கான முதலீடு 200 கோடி யூரோ. அங்கே தயாராகும் மின்சக்திச் சில்லுகள் மின்சாரக் கார்களிலும் சூரிய மின்சக்தி அமைப்புகளிலும் பயன்படுபவை. அவற்றின் மூலப்பொருள் சிலிக்கன் கார்பைடு.

சாதாரண சிலிக்கனை 1,414 பாகை செல்சியசில் உருக்கி, அந்தக் குழம்பிலிருந்து ஒரு பெரிய உருளைப் படிகத்தைச் சுழற்றிச் சுழற்றி மேலே இழுப்பார்கள். உருளையைக் குறுக்கே அறுத்தால் வட்டம்தானே வரும்? தட்டு வட்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சிலிக்கன் கார்பைடு இப்படி எளிதில் உருகுவதில்லை. 2,000 பாகைக்கும் மேலான வெப்பத்தில் அதை ஆவியாக்கி, ஒரு சிறு விதைப் படிகத்தின் மேல் படிய வைத்து, மெல்ல மெல்ல வளர்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தட்டும் விலை மிகுந்தது. அதன் பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் கணக்கில் வரும்.

இத்துறையில் நெடுங்காலம் 150 மி.மீ. விட்டமுள்ள தட்டுகளே பயன்பட்டன. நம் பால்மரத்தின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவுதான். கூலிமின் புதிய தொழிற்சாலை 200 மி.மீ. தட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. விட்டம் 50 மி.மீ. கூடுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 33 விழுக்காடு. அப்படியானால் சில்லுகளுக்கான இடமும் 33 விழுக்காடு கூடுமா? அடுத்த வரியைப் படிப்பதற்கு முன் ஒரு விடையை ஊகித்து எழுதி வையுங்கள்.

இப்போது கணக்கிடுவோம். வட்டத்தின் பரப்பளவு = பை × ஆரம் × ஆரம்.

150 மி.மீ. தட்டு: 3.142 × 75 × 75 = 17,674 சதுர மி.மீ.
200 மி.மீ. தட்டு: 3.142 × 100 × 100 = 31,420 சதுர மி.மீ.

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.78 வருகிறது. இடம் 78 விழுக்காடு கூடிவிட்டது! பையைத் தொடாமலே இதைக் காணலாம். விட்டங்களின் விகிதம் 4 : 3. பரப்பளவுகளின் விகிதம் அதன் வர்க்கம், 16 : 9. நீளம் எத்தனை மடங்காகிறதோ, பரப்பளவு அந்த மடங்கின் வர்க்கமாகிறது. இது வட்டத்துக்கு மட்டுமன்று, வடிவம் மாறாமல் பெரிதாகும் எந்த உருவத்துக்கும் பொருந்தும்.

ஒரு தட்டைச் சுத்தம் செய்வது, பூச்சுப் பூசுவது, ஒளியால் படம் பதிப்பது என வேலைகள் பெரும்பாலும் தட்டுக் கணக்கில் நடக்கின்றன. தட்டு பெரிதானால் ஒரே சுற்று வேலையில் கூடுதல் சில்லுகள் கிடைக்கும். தொழிற்சாலைகள் பெரிய தட்டுக்கு மாறுவதன் கணித நியாயம் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

பாடம் 2: ஓரத்தில் வீணாவது எவ்வளவு?

தட்டு வட்டம், சில்லு சதுரம் அல்லது செவ்வகம். வட்டத்தில் சதுரங்களை அடுக்கினால் ஓரத்தில் அரைகுறைத் துண்டுகள் மிஞ்சும். அவை சில்லாகா. எனவே பரப்பளவை வகுத்தால் மட்டும் போதாது. எண்ணிப் பார்க்க வேண்டும்.

200 மி.மீ. தட்டில் 20 மி.மீ. பக்கமுள்ள சதுரச் சில்லுகளைச் செய்வதாகக் கொள்வோம். அறுக்கும் இடைவெளியை இப்போது விட்டுவிடலாம். ஒரு சில்லின் பரப்பளவு 400 சதுர மி.மீ. 31,420-ஐ 400-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 78.

இனி கட்டத்தாளில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளியே மையமாக இருக்கட்டும். தட்டு பாதி அளவில் வரையப்பட்டிருப்பதால் ஒரு செ.மீ. கட்டம் ஒரு சில்லுக்குச் சமம். வட்டத்தின் கால் பகுதியை மட்டும் எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

எண்ணுவதற்குப் பைதாகரஸ் உதவுவார். மையத்திலிருந்து முதல் நிரலின் வெளிக்கோடு 1 செ.மீ. தொலைவில் இருக்கிறது. அங்கே வட்டத்தின் உயரத்தின் வர்க்கம் 25 − 1 = 24. வர்க்கமூலம் 4.9. ஆகவே 4 முழுக் கட்டங்கள். இரண்டாம் நிரலில் 25 − 4 = 21; வர்க்கமூலம் 4.6, மறுபடியும் 4 கட்டங்கள். மூன்றாம் நிரலில் 25 − 9 = 16; சரியாக 4. நான்காம் நிரலில் 25 − 16 = 9; சரியாக 3. ஐந்தாம் நிரலில் ஒன்றும் இல்லை. கூட்டினால் 4 + 4 + 4 + 3 = 15. நான்கு கால் பகுதிகளுக்கும் சேர்த்து 60.

வகுத்தபோது 78, எண்ணியபோது 60. ஏறக்குறைய கால் பங்கு இடம் ஓரத்தில் போய்விட்டது.

இப்போது வட்டத்தை அரைக் கட்டம் நகர்த்தி, ஒரு கட்டத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து எண்ணிப் பாருங்கள். நடு நிரலில் 9, அதன் இருபுறமும் 9, 7, 7, 3. மொத்தம் 61. தட்டும் மாறவில்லை, சில்லும் மாறவில்லை. வைத்த இடம் மாறியதால் ஒரு சில்லு கூடுதலாகக் கிடைத்தது.

சில்லின் பக்கத்தை 10 மி.மீ. ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? மையத்தைக் கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே வைத்து இதே முறையில் எண்ணினால், 150 மி.மீ. தட்டில் 148 சில்லுகளும் 200 மி.மீ. தட்டில் 276 சில்லுகளும் வரும். 276-ஐ 148-ஆல் வகுத்தால் 1.86. பரப்பளவு 78 விழுக்காடுதான் கூடியது. சில்லுகளோ 86 விழுக்காடு கூடிவிட்டன. பெரிய வட்டத்தில் ஓரத்தின் பங்கு குறைவு என்பதே காரணம்.

பாடம் 3: 99 விழுக்காடு போதுமா?

அறுத்தெடுத்த சில்லுகள் எல்லாம் வேலை செய்யுமா? ஒரு தூசு விழுந்தாலும் அந்தச் சில்லு பழுதாகலாம். ஒரு தட்டில் 20 இடங்களில் பழுது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழுது ஒரு சில்லை மட்டுமே கெடுக்கும் எனவும் கொள்வோம்.

20 மி.மீ. சில்லுகள்: 60-இல் 20 போனால் மீதம் 40. அதாவது 67 விழுக்காடு நல்லவை.
10 மி.மீ. சில்லுகள்: 276-இல் 20 போனால் மீதம் 256. அதாவது 93 விழுக்காடு நல்லவை.

தூசின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பெரிய சில்லில் ஒரு தூசு 400 சதுர மி.மீ. இடத்தை வீணாக்குகிறது, சிறிய சில்லில் 100 சதுர மி.மீ. மட்டுமே. பெரிய சில்லுகளின் விலை ஏன் மிகவும் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து நிகழ்தகவு. ஒரு தட்டு முழுமையடைய நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். எளிமைக்காக 100 படிகள் என்போம். ஒவ்வொரு படியிலும் ஒரு சில்லு பழுதின்றித் தப்பும் வாய்ப்பு 0.99. ஒரு படியில் நடப்பது இன்னொன்றைப் பாதிப்பதில்லை. 99 விழுக்காடு என்றால் தேர்வில் நாம் கொண்டாடும் மதிப்பெண் அல்லவா? ஆனால் நூறு படிகளையும் கடக்கும் வாய்ப்பைக் காண, 0.99-ஐ நூறு முறை பெருக்க வேண்டும். கணிப்பானில் போட்டுப் பாருங்கள்: 0.366. நூற்றில் 37 சில்லுகள்கூடத் தேறவில்லை!

ஒவ்வொரு படியையும் 0.999 ஆக்கினால்? 0.999-இன் நூறாம் அடுக்கு 0.905. நூற்றில் 90 தேறிவிடும். 99-க்கும் 99.9-க்கும் இடையே பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். நூறு படிகள் கடந்த பிறகு அது 37-க்கும் 90-க்கும் இடையிலான வேறுபாடாகிறது. தொழிற்சாலையின் தூய்மை அறையில் வேலை செய்பவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிவது இதற்காகத்தான். தலைமுடி, தோல், துணி ஆகியவற்றிலிருந்து உதிரும் துகள் ஒவ்வொன்றும் அந்த 0.999-ஐக் கீழே இழுக்கும்.

பயிற்சித் தாள்

1. 200 மி.மீ. தட்டின் சுற்றளவு எத்தனை செ.மீ.? ஒரு ரப்பர் மரம் அந்தச் சுற்றளவில் இருந்தால் அதைப் பால்வெட்டுக்கு எடுக்கலாமா?

2. தட்டின் விட்டம் 200 மி.மீ.-இலிருந்து 300 மி.மீ. ஆனால், விட்டம் எத்தனை விழுக்காடு கூடுகிறது? பரப்பளவு எத்தனை விழுக்காடு கூடுகிறது?

3. 200 மி.மீ. தட்டில் 10 மி.மீ. சில்லுகள் 276 என்று மேலே சொன்னோம். கால் வட்டத்தின் நிரல்களைப் பைதாகரஸ் கொண்டு எண்ணி உறுதி செய்க.

4. உண்மையில் தட்டின் விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டரைப் பயன்படுத்துவதில்லை. 200 மி.மீ. தட்டில் 3 மி.மீ. விளிம்பை விட்டால் பயன்படும் ஆரம் 97 மி.மீ. 20 மி.மீ. சில்லுகள் எத்தனை கிடைக்கும்? மையத்தை இரண்டு விதமாகவும் வைத்து எண்ணுக.

5. 50 படிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தப்பும் வாய்ப்பு 0.98. எல்லாவற்றையும் கடக்கும் வாய்ப்பு என்ன?

6. ஒரு கடையில் 15 செ.மீ. விட்டமுள்ள தோசை 1 ரிங்கிட் 80 சென். அதே கனத்தில் 20 செ.மீ. தோசை 2 ரிங்கிட் 80 சென். எதை வாங்குவது இலாபம்?

விடைகள்

1. 3.142 × 20 = 62.8 செ.மீ. எடுக்கலாம், அது 50 செ.மீ.-ஐத் தாண்டிவிட்டது.

2. விட்டம் 50 விழுக்காடு கூடுகிறது. பரப்பளவு 1.5 × 1.5 = 2.25 மடங்கு, அதாவது 125 விழுக்காடு கூடுகிறது.

3. நிரல்கள் முறையே 9, 9, 9, 9, 8, 8, 7, 6, 4, 0. கூட்டுத்தொகை 69. நான்கால் பெருக்க 276.

4. கோடுகள் சந்திக்கும் புள்ளி மையமானால் கால் வட்டத்தில் 4, 4, 3, 2, மொத்தம் 52. முன்பு வட்டத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்த மூலைகள் இப்போது வெளியே போய்விட்டன. கட்டத்தின் நடுப்புள்ளி மையமானால் நடுவில் 9, இருபுறமும் 9, 7, 5, 3, மொத்தம் 57. அரைக் கட்டம் நகர்த்தியதில் தட்டுக்கு 5 சில்லுகள் இலாபம். ஆயிரம் தட்டுகளுக்கு 5,000.

5. 0.98-இன் ஐம்பதாம் அடுக்கு: ஏறக்குறைய 0.364.

6. பரப்பளவு விகிதம் 16 : 9. சிறிய தோசையின் விலைப்படி பெரியது 3 ரிங்கிட் 20 சென் இருக்க வேண்டும். 2 ரிங்கிட் 80 சென்னுக்குக் கிடைத்தால் பெரியதே இலாபம்.

நான்காம் கேள்வியில் இன்னொரு வழியும் இருக்கிறது. மையத்தை ஒரு கட்டத்தின் பக்கத்தின் நடுவில் வைத்தால் எத்தனை வரும்? சில்லு சதுரமாக இல்லாமல் 10 மி.மீ.-க்கு 40 மி.மீ. செவ்வகமாக இருந்தால்? பரப்பளவு அதே 400 சதுர மி.மீ.தான். அதே 60 வருமா, கூடுமா, குறையுமா? வரைந்து எண்ணிப் பார்த்து, உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள்.