தாழையூத்துச் சுண்ணாம்பைச் சேர்த்தது யார்?

கேள்வி: தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் ஆதிகாலக் கடலடியில் படிந்தது என்கிறார்கள். கடல் என்றால் ஒரு சிப்பி ஓடாவது அகப்பட வேண்டாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அகப்படாது என்பதுதான் அந்தக் கல்லின் வயதுக்குச் சாட்சி. இடிந்தகரைப் பக்கத்துக் கரையோரப் பாறையில் சிப்பி ஓடுகள் கண்ணுக்கே தெரியும். அது நில வரலாற்றில் நேற்றைய பாறை. சங்கர் நகரில் 1949இல் சிமென்ட் ஆலை எழக் காரணமான தாழையூத்துக் கல் வேறு சாதி. பூமியின் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் வெந்து, பளிங்காக மாறியது. தென் தமிழகப் பாறைகள் அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்படியானால் சுண்ணாம்பு படிந்தது அதற்கும் முன்னால். ஓடுள்ள உயிர்கள் கடலில் பெருகியதோ ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சிப்பி பிறக்கும் முன்பே படிந்த கல்லில் சிப்பியைத் தேடி என்ன பயன்?

கடல் எதற்கு, எரிமலைக் குழம்பாகவே சுண்ணாம்பு வருமே என்று ஒருவர் மறுக்கலாம். வரும், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியில் அத்தகைய கார்பனடைட் உண்டு. ஆனால் நெல்லைச் சீமையில் சுண்ணாம்புக்கல்லோடு, ஒரு காலத்தில் மணலும் களிமண்ணுமாக இருந்த பாறைகளும் சேர்ந்தே பட்டை பட்டையாக ஓடுகின்றன. மணல், களிமண், சுண்ணாம்பு மூன்றும் அடுத்தடுத்துப் படிவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில்தான்.

ஓடு இல்லாத அந்தக் காலத்தில் சுண்ணாம்பைச் சேர்த்தவை எவை? கொஞ்சம் கடல்நீரிலிருந்து தானாகவே படிந்திருக்கும். மிச்சத்துக்கு நான் கைகாட்டுவது நுண்ணுயிர்ப் படலங்களை. வெயில் எட்டும் ஆழத்தில் சயனோபாக்டீரியா பிசுபிசுப்பான படலமாகப் படரும். மேலே விழும் துகள் அதில் ஒட்டும், சுண்ணாம்பும் படியும். ஒளி தேடி அடுத்த படலம் அதன்மேல் வளரும். இப்படி அப்பளம் அடுக்கியதுபோல் உயரும் மேடுதான் ஸ்ட்ரோமட்டோலைட். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் இவை வளர்கின்றன. மேய்ந்து தின்னும் நத்தைகளுக்கு ஒவ்வாத கடும் உப்புநீர் அங்கே காவல்.

அந்த அடுக்குகளைத் தாழையூத்தில் காட்ட முடியுமா? முடியாது. வெப்பத்தில் சுண்ணாம்பு மணிகள் புதிதாகப் படிகமாகும்போது மயிரிழைத் தடிமனுள்ள வரிகள் அழிந்துவிடும். ஆகவே என் வாதம் சூழ்நிலைச் சாட்சியத்தின் மேல் நிற்பதுதான். ஆனால் வேகாமல் தப்பிய பாறை என்ன சொல்கிறது என்று பாருங்கள்: ஆந்திரத்தின் கடப்பைப் படுகையில், சுமார் 190 கோடி ஆண்டு வயதுள்ள வேம்பள்ளிச் சுண்ணாம்புப் பாறையில், கவிழ்த்த கிண்ணம் கிண்ணமாக அந்த மேடுகள் அப்படியே இருக்கின்றன.