கணினிப் பயிற்சி: பட்டியல் மாறும், கோப்பு மறக்காது

இந்தப் பயிற்சிக்கு ஒரு மடிக்கணினி, அதில் பைத்தான் 3, ஒரு மணி நேரம் இருந்தால் போதும். ‘பிரிண்ட்’, ‘இஃப்’, ‘ஃபார்’ மூன்றும் ஓரளவு தெரிந்த யாரும் செய்யலாம்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தைப்பூசத்துக்கு எங்கள் கிளை பத்துமலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்தது. இருக்கை 40. முதலில் பேர் கொடுப்பவருக்கு முதலிடம் என்று அறிவித்தோம். கோயில் வாசலிலும் தொலைபேசியிலும் வந்த பேர்களை நான்தான் கணினியில் தட்டினேன். 46 பேர் சேர்ந்தார்கள். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று பேர்களை அகரவரிசையில் அடுக்கி, சேமித்தும் விட்டேன். முதல் 40 பேருக்கு இடம் கொடுத்தோம்.

புறப்படும் காலையில் வள்ளி அக்கா பால்குடத்தோடு வந்து நின்றார். “தம்பி, நான்தானே முதல் ஆளாப் பேர் கொடுத்தேன்? எனக்கு எப்படி இடம் இல்லாமப் போச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பேர் ‘வ’வில் தொடங்குகிறது, அதனால் 46ஆவது ஆளாகிவிட்டார். என் இருக்கையை அவருக்குக் கொடுத்தேன். மீதி ஐந்து பேருக்கு என்ன செய்வது? யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று காட்ட என்னிடம் எதுவுமே இல்லை.

அன்று நான் கற்றதுதான் இன்றைய பாடம். பட்டியலை மட்டும் வைத்திருக்காதீர்கள். அந்தப் பட்டியலுக்கு என்னென்ன செய்தீர்கள் என்பதையும் வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

1. கட்டளைக் கோப்பு

நோட்பேடைத் திறந்து, கீழே உள்ளதை ஒரு வரிக்கு ஒரு கட்டளையாகத் தட்டி, ‘கட்டளை’ என்ற பேரில் சேமியுங்கள். ஆமாம், தமிழிலேயே தட்டலாம். பைத்தான் 3 யூனிகோடை அப்படியே ஏற்கும்.

சேர் வள்ளி
சேர் குமார்
சேர் கணேசன்
சேர் கண்ணன்
நீக்கு குமார்
நுழை 1 தேவி
காட்டு

2. நிரல் எப்படி ஓட வேண்டும்

அ) முதலில் வெறும் பட்டியல் ஒன்று: வரிசை = [ ]. மாறிக்குத் தமிழில் பேர் வைத்தாலும் பைத்தான் 3 கோபித்துக்கொள்ளாது.

ஆ) ‘ஓப்பன்’ கொண்டு கோப்பைத் திறங்கள். அப்போது ‘என்கோடிங்’ என்ற இடத்தில் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கட்டாயம் கொடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இ) ‘ஃபார்’ போட்டு ஒவ்வொரு வரியாக எடுங்கள். ‘ஸ்பிலிட்’ செய்தால் வரி சொல் சொல்லாக உடையும். வரியின் கடைசியில் ஒளிந்திருக்கும் வரிமுறிவுக் குறியும் அதோடு போய்விடும். வெறும் வரி வந்தால் ‘கண்டினியூ’ போட்டுத் தாண்டுங்கள்.

ஈ) முதல் சொல்தான் கட்டளை. ‘இஃப்’, ‘எலிஃப்’ வைத்துப் பிரியுங்கள்.

‘சேர்’ என்றால் ‘அப்பெண்ட்’: பேர் கடைசியில் போய் நிற்கும்.
‘நுழை’ என்றால் ‘இன்சர்ட்’: சொன்ன இடத்தில் நுழையும், அங்கே இருந்தவர் ஓரிடம் பின்னால் தள்ளிப் போவார். இடத்தின் எண் கோப்பிலிருந்து எழுத்தாகத்தான் வரும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றுங்கள்.
‘நீக்கு’ என்றால் ‘ரிமூவ்’.
‘காட்டு’ என்றால் ‘பிரிண்ட்’.

உ) எதுவும் பொருந்தாவிட்டால் ‘எல்ஸ்’ பகுதியில் “தெரியாத கட்டளை” என்று காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி உங்களை எத்தனையோ தலைவலியிலிருந்து காப்பாற்றும்.

3. ஓட்டும் முன் கையால் போட்டுப் பாருங்கள்

நான்காவது வரி முடிந்ததும்: வள்ளி, குமார், கணேசன், கண்ணன்.
குமாரை நீக்கியதும்: வள்ளி, கணேசன், கண்ணன்.
தேவியை நுழைத்ததும்: வள்ளி, தேவி, கணேசன், கண்ணன்.

‘நுழை 1’ என்றோம், தேவி இரண்டாவதாக நிற்கிறாரே? பைத்தான் 0 இலிருந்து எண்ணும். முதல் ஆள் 0, இரண்டாம் ஆள் 1. இது பழகச் சில நாள் ஆகும்.

4. எல்லாரும் விழும் குழிகள்

கண்ணுக்குத் தெரியாத குறி: நோட்பேட் சில சமயம் கோப்பின் தலையில் ஒரு மறைவான குறியை வைத்துவிடும். அப்போது முதல் ‘சேர்’ மட்டும் “தெரியாத கட்டளை” என்று வரும், மற்ற வரிகள் ஒழுங்காக ஓடும். எழுத்துப் பிழையே இருக்காது, ஆனால் தலையைப் பிய்த்துக்கொள்வோம். ‘யுடிஎஃப்-8-சிக்’ கொடுத்தால் பைத்தான் அந்தக் குறியை நீக்கிவிட்டுப் படிக்கும்.

அடுக்குவது: ‘சார்ட்’ செய்தால் பட்டியலே மாறிவிடும், பழைய வரிசை திரும்பி வராது. நான் செய்த தவறு இதுதான். ‘சார்ட்டட்’ வேறு. அது அடுக்கிய புதிய பட்டியலைத் தரும், பழையதைத் தொடாது. இன்னொன்று: வரிசை = வரிசை.சார்ட்() என்று எழுதாதீர்கள். ‘சார்ட்’ எதையும் திருப்பித் தராது. அதனால் உங்கள் கையில் ‘நன்’ மட்டும்தான் மிஞ்சும், பேர் எல்லாம் போச்சு.

தமிழ் அகரவரிசை: பைத்தான் யூனிகோட் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். அதில் புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்குப் பின்னால்தான் இடம். ஆகவே கணேசன் முன்னால், கண்ணன் பின்னால் வருவார்கள். நம் அகராதியில் மெய்யெழுத்து முந்தும், அதனால் கண்ணன்தான் முன்னால். கணினி அடுக்கியதெல்லாம் சரி என்று நினைக்காதீர்கள்.

இல்லாதவரை நீக்குவது: பட்டியலில் இல்லாத பேரை ‘ரிமூவ்’ செய்தால் ‘வேல்யூ எரர்’ வந்து நிரல் நின்றுவிடும். முதலில் ‘இன்’ போட்டு, ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

5. உங்களுக்கு ஒரு கணக்கு

சேர் ரவி
சேர் மீனா
நுழை 0 ராணி
சேர் மீனா
நீக்கு மீனா
காட்டு

என்ன வரும்? ராணி, ரவி, மீனா. இதுவரை ஈஸிதான். ஆனால் மிஞ்சி நிற்பது எந்த மீனா? ‘ரிமூவ்’ முதலில் கண்ணில் படுபவரைத்தான் நீக்கும். “நான் வரலை” என்று சொன்னது பின்னால் பேர் கொடுத்த மீனாவாக இருந்தால், முன்னால் வந்தவருக்கு இடம் போய்விட்டது! நிரல் எந்தப் பிழையும் காட்டாது. நம் ஊரில் ஒரே பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அதனால் தகப்பனார் பேரின் முதலெழுத்தையும் சேர்த்து, இடைவெளி விடாமல், க.மீனா, சு.மீனா என்று எழுதுங்கள். இடைவெளி விட்டால் ‘ஸ்பிலிட்’ பேரையே இரண்டாக உடைத்துவிடும்.

வீட்டில் செய்ய: ‘அடுக்கு’ என்று ஒரு புதிய கட்டளையைச் சேருங்கள். அது பேர்களை அடுக்கிக் காட்ட வேண்டும், ஆனால் வந்த வரிசை கலையக்கூடாது. வழி மேலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நிரல் நின்றதும் பட்டியல் மறைந்துவிடும். கோப்பு இருக்கும். மறுபடி ஓட்டினால் அதே பட்டியல் அப்படியே திரும்பி வரும். யாராவது விலகினால் அவருடைய ‘சேர்’ வரியை அழிக்காதீர்கள், கீழே ‘நீக்கு’ என்று புதிய வரி எழுதுங்கள். அடுத்த முறை ஒரு வள்ளி அக்கா வந்து கேட்டால், கோப்பைத் திறந்து, “ஆமாம் அக்கா, முதல் வரியே நீங்கதான். ஏறி உட்காருங்க” என்று சொல்லலாம்.