கை காலைத் தொடலையா? முட்டியை மடக்கிப் பாருங்க!

தரையில் கால் நீட்டி உட்காருங்க. முட்டி மடங்காம குனிஞ்சு கால் விரலைத் தொட முடியுதா? நம்மில் பலருக்குக் கை கணுக்காலோட நின்னுடும். இப்போ முட்டியை லேசா மடக்கிட்டுக் குனிங்க. கை இன்னும் தூரம் போகுதா? அப்போ உங்களைத் தடுத்தது பெரும்பாலும் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசைகள்.

இவை உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டிக்குக் கீழே முடிகின்றன. இடுப்பு, முட்டி என இரண்டு மூட்டுகளைத் தாண்டுகின்றன. முட்டியை நீட்டி இடுப்பையும் மடக்கினால் இரண்டு முனையிலும் இழுபடும்.

சரி, வேகமா இழுத்தா சீக்கிரம் சரியாகுமா? ஆகாது. தசைக்குள் 'மசில் ஸ்பிண்டில்' என்ற சென்சார்கள் இருக்கு. தசை எவ்வளவு நீளுது, எவ்வளவு வேகமா நீளுது என்று தண்டுவடத்துக்கு சிக்னல் அனுப்பும். சட்டென்று இழுத்தால், தண்டுவடம் அதே தசையைச் சுருங்கச் சொல்லும். 1924-ல் லிடெல், ஷெரிங்டன் இருவரும் விவரித்த 'ஸ்ட்ரெட்ச் ரிஃப்ளெக்ஸ்' இதுதான். நம்ம பாஷையில் ஒரு ஃபீட்பேக் லூப். டாக்டர் முட்டிக்குக் கீழே தட்டினா கால் உதைக்குதே, அதுவும் இதே லூப். அதனால எம்பி எம்பிக் குனியறதும், ரூம்மேட்டை விட்டு முதுகை அமுக்கச் சொல்றதும் வேண்டாம்.

சில வாரப் பயிற்சியில் கூடுதலா குனிய முடியறதுக்கு முக்கியக் காரணம், தசை நீண்டது இல்லை. அந்த இழுப்பைப் பொறுத்துக்க நரம்பு மண்டலம் பழகினதுதான். லிமிட் ஸ்விட்சைத் தள்ளி வச்ச மாதிரி. அதுக்குப் பலம் வேண்டாம், பொறுமை வேணும்.

எப்படிச் செய்யறது? அஞ்சு நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்குங்க. மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டைப் போட்டு, காலை மெதுவா மேலே இழுங்க. இழுப்பு தெரியணும், வலிக்கக் கூடாது. 10 முதல் 30 விநாடி பிடிங்க. ஒரு காலுக்கு மொத்தம் 60 விநாடி, வாரத்தில் 2-3 நாளாவது.

மூட்டுக்கும் அசைவு வேணும். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து. அசையும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அழுந்தி விரிந்து அதை உறிஞ்சும். கோடிங் பண்ணும்போது இடையிடையே எழுந்து நடங்க.

காலில் மரத்துப்போறது, மின்னல் மாதிரி இறங்கும் வலி, மூட்டு வீக்கம் இருந்தா மட்டும் ஸ்ட்ரெட்ச்சை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.