கரிசலில் ஷட்டில் கோர்ட்

கொல்லையில் பிள்ளைகளுக்கு ஷட்டில் கோர்ட் போட ஆசை. நிலம் கரிசல். சிமென்ட் தளம் தாங்குமா?
– வாசகர், கோவில்பட்டி

தாராளமாகத் தாங்கும். ஆனால் கரிசல்மேல் நேராகப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் உப்பி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண் அது. தளத்தையும் சேர்த்துப் பிளந்துவிடும். இரண்டு, மூன்றடி தோண்டிக் கரிசலை அள்ளிவிட்டு, சரளை மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து ரோலர் விடுங்கள். ரோலர் நுழையாத மூலைகளில் திமிசு போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், கோர்ட்டின் ஆயுளே இங்கேதான்.

அளவு 44 அடிக்கு 20. சுற்றிலும் மூன்றடி கூடுதலாக விடுங்கள். நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காது. பக்கவாட்டில் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். ஆடிக்காற்றுக்கு மேற்கே பச்சை ஷேட் நெட் கட்டினால் காக் அவ்வளவாக அலையாது.