கிரேடு யாருக்காக?



விழுப்புரம் கூட்டத்துக்குப் போனாலும் திண்டிவனம் கூட்டத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "உங்க குழு ஏ கிரேடா?" என்பதுதான். போனில் லைக் எண்ணுவது போல இதையும் எண்ணுகிறோம். மேடையில் குழுப் பேரைச் சொன்னால் ஊக்குநருக்குப் பெருமை. அதில் தப்பில்லை.

ஆனால் மதிப்பீடு எதற்கு வந்தது? 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அடமானம் இல்லாத கடன். எதை நம்பித் தருவது? அதனால்தான் கூட்டம், வருகை, சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு நோட்டு இவற்றைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். ஊரில் யார் பெரிய குழு என்று காட்ட அல்ல.

பேருக்காக ஓடினால் என்ன ஆகும்? வராதவங்க பேருக்கு நேரே கையெழுத்து விழும். தவணை நூறு சதம் என்று காட்ட ஒருத்தி கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுவாள். வேலை கிடைக்காத மாதத்தில் கட்ட முடியாதவளை, "உன்னாலதான் கிரேடு போச்சு"ன்னு விலக்கிவிடுவார்கள். குழு ஆரம்பிச்சதே அவளுக்காகத்தானே!

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. உறுப்பினர் ஓரிருவர் வங்கியில் வாங்கிய சொந்தக் கடன் பாக்கி என்பதற்காக, ஒழுங்காகக் கட்டும் குழுவுக்குப் பொதுவாகக் கடன் மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி வழிகாட்டல். அந்தக் கடனில் அவருக்குப் பங்கு தர முடியாது, அவ்வளவே.

அடுத்த மதிப்பீட்டில் மார்க் பட்டியலைக் கேட்டு வாங்கி, கூட்டத்தில் வாசியுங்கள். எதில் குறைந்தது, ஏன் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். யாருக்காவது உள்கடன் தவணையைத் தள்ளி வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.