வாசலில் நிற்கும் சொல்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தருமபுரிப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் 24 பேரிடம் பேட்டி எடுத்து, அவற்றை எழுத்தாக்கி, என்விவோ மென்பொருளில் ஏற்றி, ஒரு மாதம் உட்கார்ந்து வரிவரியாகக் குறி போட்டு, அதாவது கோடிங் செய்து, இப்போது 214 குறிகளோடு நிற்கிறாய். "இரண்டு நாள் பயிற்சியிலேயே எல்லாப் பொத்தானும் பழகிவிட்டது அத்தை, ஆனால் இந்த ஆய்வு என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. மென்பொருளின் மேல் கோபப்படாதே. அது இல்லாத காலத்தில் வேலை பார்த்தவள் நான். பேட்டித் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து, கத்தரியால் வெட்டி, தலைப்புவாரியாக அட்டைப் பெட்டிகளில் போட்டு வைப்போம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பேட்டி எண்ணும் பக்க எண்ணும் குறிக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஒரு துண்டில் குறிக்காமல் விட்டுவிட்டேன். கணவனை இழந்த ஒரு பெண் தன் நிலத்தைப் பற்றிச் சொன்ன நாலு வரி அதில் இருந்தது. ஆய்வுக்கே உயிரான வரிகள். மூலத் தாள்கள் அதற்குள் கரையானுக்குப் போயிருந்தன. யார் சொன்னது, எந்தக் கேள்விக்குச் சொன்னது என்று தெரியாததால் அந்த நாலு வரியையும் விட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

மெல்போர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ் என்ற சமூகவியலாளரும் இப்படித்தான் தாள் குவியலில் தவித்தார். அவருக்கு உதவ, கணினி அறிந்த அவர் கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் 1981-இல் எழுதத் தொடங்கிய நிரலின் வழியில் வந்ததுதான் உன் என்விவோ. ஒரு வரிக்கு நீ எத்தனை குறி போட்டாலும் அந்த வரி தன் பேட்டியை விட்டுப் பிரியாது. சொடுக்கினால் பேசியவரிடமே திரும்பிப் போகலாம். கருவியிடம் இதைக் கேள், தரும். பொருள் என்ன என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

பெயர்களை நீக்கி நீ அனுப்பிய ஐந்து பேட்டிகளையும் இரண்டு முறை படித்தேன். ஏழாம் பேட்டியில் அந்த அம்மா சொல்கிறார்: "குழுவுல தவணை கட்டணும்னு வெளிய வட்டிக்கு வாங்குனேன். ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. வந்து வாசல்லயே உக்காந்துட்டாங்க. அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல." நீ இதற்குப் போட்ட குறி "சமூக அழுத்தம்". தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நீ படித்த கட்டுரைகளிலிருந்து வந்த சொல். அவர் சொன்ன சொல் வாசல்.

"வாசல்ல உக்காந்துட்டாங்க" என்பதையே குறியாக வைத்துவிட்டு மற்றப் பேட்டிகளைப் பார். ஐந்தில் மூன்றில் வாசல் வருகிறது. ஒருவர், கடன் கேட்டு வருவார்களோ என்று பயந்து, கோலம் போடக்கூட முன்பக்கம் வராமல் இருந்த நாட்களைச் சொல்கிறார். இன்னொருவர், குழுக் கூட்டம் தன் வீட்டு வாசலில் நடந்த காலத்தைப் பெருமையோடு நினைக்கிறார். தெருவின் கண்ணில் படுகிற அந்த நாலடி இடத்தில்தான் அவர்களுடைய மானமும் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது. பெருமையாகப் பேசியவரின் வரியை நீ "அதிகாரம் பெறுதல்" என்ற குறிக்குள் போட்டிருக்கிறாய். அதனால் மூன்று வாசல்களும் ஒன்றையொன்று பார்க்காமலே இருக்கின்றன. உன் ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்டாயே, அது இங்கேதான் பேசத் தொடங்குகிறது.

பேசியவரின் சொல்லையே குறியாக்குவதற்கு இன் விவோ கோடிங் என்று பெயர். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்பும் கிரவுண்டட் தியரி வழியில் வளர்ந்த பழக்கம் அது. நீ தினமும் திறக்கும் மென்பொருளின் பெயரிலேயே அந்தச் சொல் ஒலிக்கிறது.

தமிழில் வேலை செய்வதால் உனக்குக் கூடுதல் கவனம் தேவை. "பணம்" என்று தேடினால் "பணத்த", "பணத்துக்கு" இரண்டும் வராது. சொல்லைச் சுருக்கி "பண" என்று தேடினால் சில கருவிகளில் "பண்ணினேன்" எல்லாம் வந்து நிற்கும். "வீடு" தேடினால் "வீட்டுல" கிடைக்காது. ஆகவே முக்கியமான ஒவ்வொரு சொல்லுக்கும் அது பேச்சில் எடுக்கும் உருவங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பேட்டி ஏதாவது இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்று. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதன் மேல் குறி போடாதே. அங்கே வாசல் வெறும் கதவாகிவிடும்.

சொற்களை எண்ணிப் படமாகக் காட்டும் வசதியை நம்பாதே. நம் பேச்சில் அதிகம் வருவது "வந்து", "அப்புறம்", "இல்ல". குறிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான் ஏமாற்றும். உன் பட்டியலில் "முன்னேற்றம்" முதலிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் ஐஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தொடங்கியது உன் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து எத்தனையோ அதிகாரிகளும் ஆய்வாளர்களும் அவர்களிடம் கேள்வி கேட்டுப் போயிருக்கிறார்கள். வருகிறவருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "நல்லா முன்னேறிட்டோம்மா" என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொன்னதும், ஒரு மணி நேரம் கழித்து வாசலைப் பற்றிச் சொன்னதும் ஒரே எடை உள்ளவை அல்ல. மென்பொருளுக்கு இரண்டும் ஒவ்வொன்றுதான்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று பேட்டிகளை மட்டும் எடுத்துக்கொள். ஒலிப்பதிவைக் கேட்டபடி தாளில் படி. பெருமூச்சும் மௌனமும் எழுத்தில் வரவில்லை, காதில்தான் விழும். பிறகு 214 குறிகளையும் வரிசையாக எடு. ஒவ்வொன்றுக்கும் இதில் எது சேரும், எது சேராது என்று இரண்டே வாக்கியம் எழுது. எழுத வராத குறியைப் பக்கத்துக் குறியோடு சேர்த்துவிடு. ஒரே ஒரு வரி உள்ள குறியை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதே. தனியாக நிற்பது சில சமயம் மற்றவர்கள் சொல்லத் தயங்கியதாக இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் ஒரு மெமோ எழுது: இன்று எந்தக் குறியை மாற்றினேன், ஏன் மாற்றினேன். ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டின் அத்தியாயம் இந்த மெமோக்களிலிருந்துதான் எழுந்து வரும்.

ஏஐ கோடிங் பொத்தானை அழுத்தலாமா என்று கேட்டிருந்தாய். அழுத்தினால் பேட்டி உன் கணினியை விட்டு வெளியே ஒரு சர்வருக்குப் போகக்கூடும். அதைச் சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினாயா? இல்லையென்றால் அழுத்தாதே. அந்தப் பெண்கள் உன்னை நம்பிப் பேசினார்கள்.

பல்கலைக்கழகம் தந்த என்விவோ உரிமம் உன் உதவித்தொகையோடு முடிந்துவிடலாம். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சேமித்து வை. குவால்கோடர், டகெட் போன்ற இலவச மென்பொருள்களையும் பழகு. படிக்கத் தெரிந்தவளுக்கு எந்தக் கருவியும் போதும்.

ஆய்வேட்டில் "என்விவோ பயன்படுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. அது முறையியல் ஆகாது. யார் படித்தது, எப்படிப் படித்தது, எந்தக் குறி ஏன் மாறியது என்று எழுது.

நாளை காலை கணினியைத் திறக்காதே. ஏழாம் பேட்டியை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

உன் அத்தை