செறிந்த மருந்தா, கலந்த மருந்தா?

இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவர் என் சித்தி. சென்ற பருவத்தில் ஒருநாள் கழிப்பறையில் அமிலம் ஊற்றித் தேய்த்தவர், நாற்றம் போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார். மறு நொடியே கண் எரிந்தது, மூச்சு முட்டியது. அடுத்த வகுப்புக் குழந்தைகளும் இருமியபடி வெளியே ஓடினார்கள். நல்லவேளை, பெருந்தீங்கு நேரவில்லை.

மாலையில் என்னைக் கண்டதும், "ஏய்யா, இனிமே கலந்து வர்ற தண்ணியையே வாங்கச் சொல்லட்டுமா? நீ படிச்ச பிள்ளை, சொல்லு" என்றார். இரசாயனம் பயிலும் எனக்கு இதைவிடக் கடினமான தேர்வு வந்ததில்லை.

பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வது. 1799இல் சார்லஸ் டென்னன்ட் என்பவர் துணி வெளுப்பதற்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் இதன் கரைசலில் மருத்துவர்களைக் கைகழுவச் செய்து, பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த சாவுகளைப் பெரிதும் குறைத்தார். அந்தக் குளோரினே அமிலம் பட்டால் வாயுவாகக் கிளம்பி நுரையீரலைத் தாக்கும். உயிர் காப்பதும் அதுவே. மூச்சைத் திணறடிப்பதும் அதுவே.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். நல்ல பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் உண்டு. 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். மேசை, கதவுப்பிடி ஆகியவற்றிற்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். அதாவது 3 கிராம். கலந்து விற்கும் புட்டியிலோ பெரும்பகுதி தண்ணீரே! குழாயில் வரும் நீருக்கு விலையும் வண்டிக்கூலியும் கொடுப்பது சிக்கனம் ஆகுமா?

ஆனால் சிக்கனம் மட்டுமே முடிவு சொல்லிவிடாது. செறிந்த பொருளை வாங்கும் பள்ளி, அளக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறது. "கூடப் போட்டால் கூடச் சுத்தம்" என்பது தவறான எண்ணம். மிகுந்தால் தோலும் தொண்டையும் புண்படும். குறைந்தால் கிருமி சாகாது. நம் மழைக்கால ஈரத்தில் வாய் திறந்து கிடக்கும் பவுடர் வலுவிழந்துவிடும். கரைத்த நீரையும் அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

கலந்த மருந்தை வாங்கினால் அளவுப்பிழை நேராது, உண்மைதான். ஆயினும் குளோரின் கலந்த புட்டியின்மேல் அமிலம் பட்டாலும் அதே வாயுதான் வரும். ஆகவே, சித்தி கேட்ட வழி மட்டும் அவரைக் காப்பாற்றியிராது.

அவரைக் காத்திருக்கக் கூடியது எது? புட்டியின்மேல் எச்சரிக்கை இருந்தது, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். சித்திக்குத் தமிழ் ஒன்றே படிக்கத் தெரியும்.

எனவே என் முடிவு இது: அளவுக் கோப்பை, கையுறை, காற்றோட்டமான அறை, கற்றுக்கொடுக்க ஒருவர் ஆகிய நான்கும் உள்ள பள்ளி செறிந்ததை வாங்கட்டும். இல்லாத பள்ளி, விலை கூடினாலும் கலந்ததையே வாங்கட்டும். எதை வாங்கினாலும் முதலில் சோப்பு நீரால் அழுக்கைக் கழுவுக. பின்பு மருந்தைத் தடவிப் பத்து நிமிடம் விடுக. அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கற்க.

இவ்விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சித்தியின் அலமாரிக் கதவில் ஒட்டி வந்தேன். இந்நகரில் துப்புரவு வேலை செய்யும் தமிழர் இன்னும் பலர் உண்டு. நண்பர்களே, நாம் கற்ற விஞ்ஞானம் அந்தக் கதவுகள் வரையிலேனும் செல்ல வேண்டாமா?